சால்ட்பர்னுக்கு ஜோடியாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், மிடில்ஸ்பரோவிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர் சால்ட்பர்ன். பயணிகள் ரயில் அதற்கு மேல் போகாது. ஹென்றி பீஸ் என்ற ரயில்வே முதலாளி, குன்றின் விளிம்பில் ஓர் ஊரும் அதற்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில் ஒரு பூங்காவும் வேண்டும் என்று கிளம்பியதில் பிறந்த ஊர் இது. 1861-ல் ரயில் வந்தது, 1863-ல் ஜெட்லாண்ட் ஹோட்டல், 1869-ல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கடல் பாலம் (பியர்), 1884-ல் குன்றிலிருந்து கரைக்கு இறங்கும் லிஃப்ட். விக்டோரியா மகாராணி காலத்து உல்லாச ஊர் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் அந்தக் கரையில் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு நாள் இருவராகப் போய் இருந்துவிட்டு வர அருமையான இடம். ஆனாலும் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எத்தனை மணிக்கு எங்கே என்று வீட்டிலேயே எழுதிவைத்துக்கொண்டு போகிறார்கள். இந்த ஊரில் நேரத்தை முடிவு செய்வது கடலும் காற்றும் மாதமும். அந்த மூன்றையும் கேட்காமல் போட்ட திட்டம் முதல் நாள் மத்தியானத்துக்குள் கலைந்துவிடும்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை முடித்துவிடலாம். இதே பெயரில் 2023-ல் வந்த ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு அந்த மாளிகையைத் தேடி இங்கே போகாதீர்கள். அது நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கிறது. படத்துக்கும் இந்த ஊருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

மாதத்தைப் பார்க்காமல் தேதி குறிப்பது

"கடற்கரை என்றால் கோடை" என்று ஆகஸ்டில் போனால் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில்தான் நிற்க வேண்டும். பேங்க் ஹாலிடே என்ற பொது விடுமுறை சேர்ந்துவரும் வார இறுதிகள் இன்னும் மோசம். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை செப்டம்பர் நடுப்பகுதி, அதிலும் வாரநாட்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள், கடைகள் இன்னும் திறந்திருக்கும், கோடையெல்லாம் சேர்த்த சூடு கொஞ்சம் தண்ணீரில் மிச்சம் இருக்கும். கொஞ்சம்தான். வட கடல் உச்சக் கோடையிலேயே 14, 15 டிகிரியைத் தாண்டப் பிரயாசைப்படும். காலை நனைக்கலாம். நீந்துவது என்றால் குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட்டைப் பற்றி யோசியுங்கள். அலைச்சறுக்கு ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் வருடம் முழுக்க அங்கே கிடக்கிறார்கள்.

மே, ஜூனில் இன்னொரு சங்கதி உண்டு. கரையிலிருந்து உள்ளே பத்து மைல் தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கரையில் மட்டும் வெள்ளைப் பஞ்சாய்க் கடல்மூட்டம் வந்து உட்கார்ந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் அதை ஃப்ரெட் என்பார்கள். குளிர்ந்த கடல்மீது வெதுவெதுப்பான காற்று வந்து படும்போது உண்டாவது அது. போன் வெயில் படம் காட்டும், எதிரே கடல் பாலத்தின் முனை தெரியாது. கோபப்பட்டுப் பயன் இல்லை. பள்ளத்தாக்குப் பூங்காவுக்குள் நடந்துவிட்டு வந்து பாருங்கள்.

அப்புறம் அஸ்தமனம். "கிழக்குக் கரைதானே, சூரியன் கடலில் விழாது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சால்ட்பர்ன் கரை ஏறக்குறைய வடக்கைப் பார்த்தது. ஜூனில் சூரியன் வடமேற்கில் போய் இறங்குவதால், இரவு ஒன்பதரைக்கு மேல் கடற்பக்கமே மறைவதைப் பார்க்கலாம். அதே காட்சியை நம்பி டிசம்பரில் போனால் பிற்பகல் 3.40-க்கெல்லாம் நிலத்துப் பக்கம் பொழுது சாய்ந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டை இழுத்தடித்தவர்களுக்கு அன்றைய வெளிச்சம் அவ்வளவுதான்.

கடல் ஏறும் நேரத்தைக் கேட்காமல் நடப்பது

மற்ற தவறுகளுக்கு விலை ஒரு சாயங்காலம். இந்தத் தவறுக்கு விலை உயிராகக்கூட இருக்கலாம்.

நம் ஊர்க் கடற்கரையில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் அவ்வளவாகக் கண்ணில் படாது. இங்கே கண்ணுக்கு எதிரே கரையே காணாமல் போகும். காலையில் கால்பந்து மைதானம்போல் கிடந்த மணல், ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுவர் அடிக்குச் சுருங்கியிருக்கும். ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்று இத்தனை மணிக்கு நடந்தோம், இன்றும் நடக்கலாம் என்ற கணக்கு செல்லாது.

கடல் பாலத்துக்குக் கிழக்கே, பழைய ஷிப் இன் மதுவிடுதியைத் தாண்டினால் ஹன்ட்கிளிஃப் என்ற செங்குத்துப் பாறை. கிட்டிவேக் கடற்புறாக்கள் கூடுகட்டும் இடம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம், படத்துக்கு அழகான இடம். ஜோடிகள் அங்கேதான் போவார்கள். அடிவாரத்தில் பாறைத் திட்டுகளில் நடந்துகொண்டே முன்னால் இருக்கும் அலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தண்ணீரோ பின்பக்க வளைவில் ஏறித் திரும்பும் வழியை அடைத்திருக்கும். ஏறித் தப்பலாம் என்று பாறையைப் பிடித்தால் பொலபொலவென்று கையோடு வரும். பக்கத்து ஊரான ரெட்காரிலிருந்து மீட்புப் படகு இங்கே வந்து ஆட்களைத் தூக்கியது பலமுறை.

அதனால் கிளம்பும் முன் கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் அன்றைய டைட் டேபிளைப் பாருங்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் போய், அது முழுதாய் இறங்கும் நேரத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். நிலவொளியில் கைகோத்து நடக்க ஆசைப்படுபவர்களுக்கு இது முக்கியம். மாட்டிக்கொண்டால் அவசர எண் 999-ஐ அழைத்து கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

நடக்கத்தான் ஆசை என்றால் மேற்கே போங்கள். மார்ஸ்க் கிராமம் வரை நீளமான மணல், தண்ணீர் இறங்கியிருக்கும்போது நிம்மதியாக நடக்கலாம். அங்கே குன்றின்மேல் தனியாக நிற்கும் புனித ஜெர்மேன் கோபுரத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக்கின் தந்தை அடங்கியிருக்கிறார். 1779 பிப்ரவரியில் மகன் ஹவாயில் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி இங்கிலாந்து வந்து சேரும் முன்பே, ஏப்ரலில் தந்தையும் போய்விட்டார். திரும்பி நடக்கக் கால் வலித்தால் மார்ஸ்க்கில் ரயில் நிலையம் இருக்கிறது.

லிஃப்ட் ஓடும் என்று நம்பிவிடுவது

குன்றின் மேலே ஊர், கீழே கடல் பாலம். நடுவே இருப்பது அந்த 1884 லிஃப்ட். இரண்டு பெட்டிகள், ஒன்று மேலே, ஒன்று கீழே, கம்பியால் பிணைத்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர்த் தொட்டி. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை விடுவார்கள். கீழே இருப்பதைவிடக் கனம் கூடியதும் பிரேக்கைத் தளர்த்தினால் அது இறங்கும், மற்றது ஏறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, பம்பு வைத்து மறுபடி மேலே அனுப்புவார்கள். பெட்டிக்கு 12 பேர், ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. வெயில் இருந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் சிவப்பும் பச்சையும் விழும். பயணம் ஒரு நிமிடம்தான். அடித்துப்பிடித்து ஏறாமல் ஒரு நடை பொறுத்து, காலிப் பெட்டியில் ஏறுங்கள்.

சரி, தவறு எங்கே? குளிர்காலத்தில் இது பெரும்பாலும் ஓய்வெடுக்கும். கோடையிலும் பழுதுபார்க்க நிறுத்துவது உண்டு. லிஃப்ட்டை நம்பி ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு கீழே போனவர்கள் செங்குத்தான படிகளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். பள்ளத்தாக்கில் ஓடும் குட்டி ரயிலும் கோடைக்காலத்துச் சமாச்சாரம்தான்.

அதே வகையில் இன்னொன்று: குடை. அந்தக் காற்றில் குடை நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். புடவையில் கடல் பாலத்தில் படம் எடுக்கலாம் என்றால் ஊசிகள் நிறைய வேண்டும். மோதிரம் நீட்டிக் காதல் சொல்லப் போகிறவர்கள் பலகை இடுக்குகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையும் சாப்பாடும்

ஜெட்லாண்ட் ஹோட்டலில் தங்கலாம் என்று தேடுபவர்கள் உண்டு. ஒரு காலத்தில் முதல் வகுப்புப் பயணிகள் ஹோட்டலின் பின்வாசலிலேயே ரயிலை விட்டு இறங்கினார்கள், அதற்கென்றே தனி நடைமேடை இருந்தது. இப்போது அது அடுக்குமாடிக் குடியிருப்பு. மற்றபடி தங்குவதற்கு இருப்பவை பெரும்பாலும் பழைய வீடுகளில் நடக்கும் விருந்தினர் இல்லங்கள். படிக்கட்டு ஒடுக்கமாக இருக்கும், லிஃப்ட் இருக்காது, பெரிய பெட்டியைத் தூக்குவது உங்கள் பாடு. எந்த மாடி என்று முன்கூட்டியே கேளுங்கள். கடல் தெரியும் அறைக்குக் கூடுதலாகக் கொட்டவும் வேண்டாம். ரூபி, எமரால்ட், பேர்ல், கார்னெட் என்று நவரத்தினக் கடைபோல் பெயர் வைத்த தெருக்கள் எல்லாம் கடலைப் பார்த்தே ஓடுகின்றன, வாசலுக்கு வந்தாலே நீலம் தெரியும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று. மரக்கறிக்காரர்கள் "சிப்ஸ் தானே, உருளைக்கிழங்குதானே" என்று வாங்கிவிடுவார்கள். யார்க்ஷயர், வடகிழக்குப் பக்கம் பல மீன் கடைகளில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். மாட்டிறைச்சி தொடாதவர்களும் அதே எண்ணெயில் பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தெரிந்து நொந்துகொள்வார்கள். எந்தக் கொழுப்பில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். பொட்டலத்தை வெளியே பிரிக்கும்போது கடற்காகங்கள் வேறு. அவை கையிலிருந்தே பிடுங்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்குக் கிளம்பாதீர்கள். சமையலறையை எட்டு, எட்டரைக்கே மூடும் இடங்கள் உண்டு. சனிக்கிழமைக்கு முன்பதிவு அவசியம். அசைவக்காரர்கள் அந்தப் பக்கத்துப் பார்மோவை ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம். தட்டிய கோழி இறைச்சியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, வெள்ளை சாஸும் சீஸும் போட்டுச் சுட்டுத் தருவார்கள். தட்டை மறைக்கும் அளவு. ஆளுக்கொன்று சொல்வதுதான் தவறு, இருவருக்கு ஒன்று போதும்.

விட்பியையும் யார்க்கையும் சேர்த்து அடைப்பது

இரண்டு நாளில் விட்பி, ஸ்டேத்ஸ், யார்க், ஸ்கார்பரோ எல்லாம் என்று பட்டியல் போட்டால் சால்ட்பர்னில் தூங்க மட்டும்தான் நேரம் இருக்கும். வெளியே ஒன்று போதும் என்றால் பக்கத்து மீனவக் கிராமமான ஸ்டேத்ஸ் போங்கள். விட்பி தனிப் பயணத்துக்கே தகுதியானது. இருக்கும் ஊரிலேயே பார்க்க நிறைய உண்டு. 1,500 அடியாக இருந்த கடல் பாலம் புயலிலும் கப்பல் மோதியதிலும் அறுந்து 681 அடியில் நிற்கிறது. யார்க்ஷயரில் மிஞ்சிய ஒரே கடல் பாலம் அது. அதன் கைப்பிடியில் உள்ளூர்க்காரர்கள் இரவோடு இரவாகப் பின்னிக் கட்டிவிடும் கம்பளிப் பொம்மைகளைப் பார்த்தபடி முனை வரை போய்வரவே அரை மணி பிடிக்கும்.

ஞாயிறு மாலை திரும்புபவர்கள் ரயில் நேரத்தைச் சனிக்கிழமையே ஒருமுறை பார்த்துவிடுங்கள். தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவது பெரும்பாலும் அந்த நாளில்தான். டார்லிங்டனில் லண்டன் வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புவது நல்லது.