மண்டபத்தில் பிறந்த மருமகளுக்குக் குடியுரிமை எடுத்த விதம்

அக்காவின் மகள் பிறந்தது தமிழ்நாட்டில், இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமில். தாய் தகப்பன் இரண்டு பேரும் முல்லைத்தீவுக்காரர். பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே, 2004 டிசம்பருக்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. இலங்கையும் தானாகத் தராது. 1948 குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்கீழ் பிறப்பைப் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டினாலும், தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் அனுமதிக்கலாம்.

ஊர் திரும்பி, சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்டபோதுதான் இதெல்லாம் தலைக்கு வந்தது.

சிக்கல் பெயரில். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் அத்தானின் பெயர் முன்னெழுத்தோடு சுருக்கமாக இருந்தது. இங்கத்தைய பதிவில் தகப்பன் பெயரோடு முழுசாக இருந்தது. ஒரே ஆள்தான் என்று எப்படி நம்புவது என்றார்கள் அதிகாரிகள். கேள்வி நியாயம்தான், கேட்ட தொனிதான் இல்லை.

அத்தானின் மூலப் பிறப்புப் பத்திரம் 2009 போரில் போய்விட்டது. பிரதேச செயலகத்தில் பதிவின் பிரதியை எடுத்தோம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தோம். அதில் ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டையும் அப்படியே எழுதச் சொன்னேன், அதுதான் காப்பாற்றியது. அப்புறம் விதானையின் (கிராம அலுவலரின்) கடிதம், கல்யாணப் பதிவு, முகாம் பதிவு அட்டை எல்லாம் சேர்த்து பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கொடுத்தோம்.

குடியுரிமைச் சான்றிதழ் இழுத்தடித்துத்தான் வந்தது. வந்த கையோடு அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டோம்.