காது தெளிவு, கண் மங்கல்: மங்கிய வீட்டுக்குள் பிள்ளையைப் படமெடுப்பவர்கள் விடும் தவறுகள்

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பற்றரிக்கு சார்ஜ் போடாமல் வருவது பற்றி எழுதப்போவதில்லை. அவை ஒருதரம் பட்டால் திருந்திவிடும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுக் கொண்டாட்டங்களுக்குப் போனால், புதிதாகக் கமரா வாங்கிய தம்பிமார் நான் தொடக்கத்தில் விட்ட பிழைகளையே அச்சொட்டாக விடுகிறார்கள். அதிலும் ஒன்று இன்னும் எரிச்சல் தருகிறது.

நடுவில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்புவது

விசுவமடுப் பக்கம் ஒரு பல்லுக்கொழுக்கட்டை, பல் முளைத்த பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டும் கொண்டாட்டம். மாரிகாலம், மழை இருட்டு. பகலிலேயே அறைக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, முன்னால் தட்டில் புத்தகம், பேனை, நகை எல்லாம் வைத்தாயிற்று. படமெடுத்த தம்பியிடம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறக்கும், வெளிச்சம் கூடும், தெளிவாக விழும் ஆழம் குறையும். நடுப்புள்ளியைப் பிள்ளையின் முகத்தில் வைத்து ஷட்டரைப் பாதி அழுத்தினார். பிறகு தட்டும் அம்மம்மாவின் கையும் வரட்டும் என்று கமராவைக் கீழே சரித்தார், காத்திருந்தார். கொழுக்கட்டை கொட்டியது, பிள்ளை புத்தகத்தை எட்டிப் பிடித்தது, தம்பி அழுத்தினார். படத்தில் பின்னால் இருந்த மாமியின் சேலைக்கரை நூல் நூலாகத் தெரிகிறது. பிள்ளையின் முகம் பஞ்சு.

“ஃபோகஸ் வந்ததே அண்ணை, பச்சைப் புள்ளி எரிந்தது” என்கிறார். எரிந்ததுதான். அது பாதி அழுத்திய அந்த நொடிக்கு எரிந்தது. ஒற்றை ஃபோகஸ் முறையில் பாதி அழுத்தியதும் தூரம் பூட்டப்பட்டுவிடும். பிறகு பிள்ளை எங்கே குனிந்தாலும் கமராவுக்குத் தெரியாது. கணக்கையும் பாருங்கள். விலை குறைந்த கமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாரில், அந்த லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு மீற்றர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ.தான். கண்ணில் பிடித்தால் காது போய்விடும். பிள்ளை ஒரு மூச்சில் அதைவிட அதிகம் அசையும். கமராவைச் சரிப்பதும் தெளிவான தளத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. கெனன் 1500டி போன்ற கமராவில் 9 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை, அதாவது நெடுக்கும் குறுக்குமாக இரண்டு பக்கக் கோடுகளையும் பிடிப்பது. மங்கிய வெளிச்சத்தில் அதுதான் நம்பகமாகப் பிடிக்கும். அசையாத பொருளுக்கு அது சரி. பிள்ளைக்குச் சரிவராது.

அப்ப என்ன செய்வது? தொடர் ஃபோகஸுக்கு மாறுங்கள். நிக்கொனில் ஏஎஃப்-சி, கெனனில் ஏஐ சேர்வோ. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உள்ள கமரா என்றால் அதைப் போட்டுவிடுங்கள். பழைய கமரா என்றால் நடுப்புள்ளியைக் கண்ணிலேயே வைத்திருங்கள், ஒரு மீற்றர் பின்னுக்குப் போங்கள், எஃப் 2.8க்கு வாருங்கள். 2 மீற்றரில் தெளிவான ஆழம் 18 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். ஐஎஸ்ஓ, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவு, 1600 இருந்த இடத்தில் 4000 வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை படத்தின் நடுவில் வருகிறதே என்றால், பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சலில் பாதியை வெட்டி எறிந்தாலும் 8க்கு 12 அங்குலப் படம் அச்சடிக்கப் போதும்.

அந்தத் தம்பியோ லென்ஸில்தான் குறை என்று எஃப் 1.4 வாங்கக் காசு சேர்க்கிறார். தெளிவான ஆழம் இன்னும் குறையும் என்று சொன்னேன். கேட்ட மாதிரித் தெரியவில்லை. இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் இங்கே ஏராளம். பேரப்பிள்ளையின் படத்தை அம்மம்மா எப்படிப் பார்ப்பார் என்று தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுக்கட்டையை இன்னொரு நாள் கொட்டவும் மாட்டார்கள்.

வாசலைப் பின்னால் வைத்துப் பிள்ளையை இருத்துவது

வெளியே வெயில், உள்ளே தகரக் கூரையின் கீழ் இருட்டு. கமரா வாசல் வெளிச்சத்துக்கு அளவெடுத்து, முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஃபோகஸும் முன்பின்னாக அலையும். பிள்ளையின் முகம் வாசலையோ யன்னலையோ சற்றுச் சரிவாகப் பார்க்கட்டும். வாசலிலிருந்து உள்ளே போகப்போக வெளிச்சம் மளமளவென்று விழும். பாயை இரண்டடி இழுத்துப் போட்டாலே ஐஎஸ்ஓ பாதியாகக் குறையலாம்.

உச்சி பல்ப்பை நம்புவது

கண்குழி கறுக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 தரம் கூடிக் குறையும். ஷட்டரை 1/100 நொடிக்கு மேல் வேகமாக்கினால் ஒரு படம் வெளிச்சம், மற்றது மங்கல், சிலவேளை பட்டை பட்டையாகவும் விழும். பல்ப் வெளிச்சம்தான் கதி என்றால் 1/100இல் நின்று, பிள்ளை அசையாமல் பார்க்கும் கணத்துக்குக் காத்திருங்கள். தவழும் பிள்ளைக்கு 1/250 வேண்டும், அதற்கு வாசலடிதான்.

கமராவோடு வரும் ஃபிளாஷ்

மடித்தே வையுங்கள். ஃபோகஸ் உதவிக்கு எரியும் செம்மஞ்சள் விளக்கையும் மெனுவில் நிறுத்துங்கள். பிள்ளை கண்ணைச் சுருக்குகிறது.

ஐஎஸ்ஓவுக்குப் பயப்படுவது

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் புள்ளி விழும், குறைத்தால் ஷட்டர் மெதுவாகிப் படம் ஆடும். புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம். ஆடிய படத்தைத் திருத்த ஏலாது.

நின்றபடி எடுப்பது

பாயில் இருங்கள். முட்டி வலிக்கிறது என்றால் படுங்கள். கீழிறங்கியதும் பின்னால் இருக்கும் பிளாஸ்ரிக் கதிரைகளும் தண்ணீர் வாளியும் படத்துக்குள் வரும். சாமிப்படத்து மின்னும் பல்ப் மாலை பிள்ளையின் தலையில் கொம்பு முளைத்ததுபோல் நிற்கும். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கதிரையை எடுக்கச் சொல்லிக் கேட்பதென்றால் கொட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கொட்டும்போது கத்தினால் பிள்ளை அழும், மாமா முறைப்பார்.

கைபேசியின் இரவு முறை

பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவது அது. அசையும் பிள்ளைக்கு இரண்டு மூக்கு வரும். நிறுத்திவிடுங்கள்.