ட்ரூரோ கப்பலில் வந்த விளக்கா? பழைய பொருளும் கைவினையும் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பழைய பொருள் விற்கும் விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பாருங்கள். பித்தளைக் குத்துவிளக்கு என்று ஒன்று வந்தால், அது பெரும்பாலும் 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்ததாகத்தான் இருக்கும். முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிய அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 342 பேர். விற்பனைக்கு வரும் விளக்குகளைப் பார்த்தால் ஆளுக்கு மூன்று விளக்கைத் தூக்கிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள் போலிருக்கிறது.

விற்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பாட்டி சொன்னதை அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதன் பிறகு, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, டர்பனின் கேட்டோ மேனரிலும் மேகசின் பராக்ஸிலும் இருந்தவர்களை இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளியது. அந்தக் குழப்பத்தில் எது யாரிடமிருந்து யாரிடம் போனது என்று எந்தக் குடும்பம் எழுதி வைத்திருக்கிறது?

பழைய பொருள் வாங்குவதில் முதல் தவறு கதைக்கு விலை கொடுப்பது. மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள். கொள்ளுத்தாத்தா பெயர் கப்பல் பட்டியலில் இருந்தால் அது அவர் வந்ததற்குச் சான்று, விளக்கு வந்ததற்கு அல்ல. அந்த விளக்கு பின்னால் தெரிகிற பழைய கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தால் பேச்சு வேறு. அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கதையை ரசித்துவிட்டு, பொருளுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்திவிட்டது. 1990களின் தொடக்கத்தில்தான் அது திரும்பத் தொடங்கியது. இன்று சந்தையில் "பாட்டி காலத்து விளக்கு" என்று வருவதில் கணிசமான பங்கு அதற்குப் பிறகு கடைகளுக்கு வந்திறங்கிய சரக்குதான் என்பது என் கணிப்பு. முப்பது வயது விளக்கு மோசமில்லை. முப்பது வயது விளக்குக்கு நூற்றாண்டு விலை கொடுப்பதுதான் மோசம்.

வயதைப் பொருளிடமே கேளுங்கள்

பொருளிலேயே எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுவது இரண்டாவது தவறு. பீங்கானின் அடியில் "யூனியன் ஆஃப் சவுத் ஆப்பிரிக்கா" என்று இருந்தால் அது 1910க்கும் 1961க்கும் இடைப்பட்டது. ரேண்ட் நாணயம் வந்தது 1961 பிப்ரவரியில். விலைச்சீட்டில் பவுண்ட், ஷில்லிங் இருந்தால் அதற்கு முந்தியது. தகரப் பெட்டியில் ஆறு இலக்கப் பின்கோடோடு இந்திய முகவரி அச்சாகியிருந்தால் 1972க்குப் பிந்தியது. "சிலோன்" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதே 1972க்கு முந்தியது. "சென்னை" என்றிருந்தால் 1996க்குப் பிறகு வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் அதுவரை மெட்ராஸ்தான் அதிகாரப் பெயர்.

பழைய சாமிப் படங்களுக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். கல்லச்சில் அடித்த படத்தில் வண்ணம் ஒழுங்கற்ற மணல் துகள் மாதிரி தெரியும். வரிசை வரிசையாக ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. சட்டம் பழையது, உள்ளே இருக்கும் படம் புதியது என்ற கூட்டணியும் நிறைய உண்டு. பின்பக்க அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பித்தளைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே பித்தளைதான் என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு என்பது சரி. ஒட்டாவிட்டால் பித்தளை என்று அர்த்தமில்லை. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பித்தளை நிறம் ஏற்றியதிலும் காந்தம் ஒட்டாது. அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் உரசல் பட்ட பகுதியைப் பாருங்கள். சாம்பல் வெள்ளை தெரிந்தால் விட்டுவிடுங்கள். உண்மையில் புழங்கிய விளக்கில் தேய்மானம் சீராக இருக்காது. கை பிடித்த தண்டு வழவழப்பாக இருக்கும், திரி வைக்கும் மூக்குகள் தேய்ந்திருக்கும், இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துக் கெட்டியாகியிருக்கும், அடிப்பாகத்தில் தாறுமாறாகக் கீறல் இருக்கும். உச்சி அன்னத்திலிருந்து அடி வரைக்கும் ஒரே பச்சைக் கறை படிந்திருந்தால் அது அமிலம் செய்த வேலை.

அதைவிட அதிகம் ஏமாறுவது கலப்பு விளக்கில். குத்துவிளக்கு மரை போட்டுக் கழற்றக்கூடியது. ஒன்றின் அடி, வேறொன்றின் தண்டு, மூன்றாவதன் அகல் என்று சேர்த்து ஒரே விளக்காக விற்பார்கள். முழுசாக நிற்கும் போட்டோ மட்டும் போதாது, கழற்றி வைத்த போட்டோவும் வேண்டும். பாகங்களின் நிறமும் மரையும் ஒன்றோடொன்று சேராவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வீட்டில் ஏற்றத்தான் என்றால் கலப்பு விளக்கும் எரியத்தான் செய்யும்.

வெள்ளி, தங்கம், பட்டு

வெள்ளிச் சாமான் என்று வரும் தட்டிலும் கரண்டியிலும் "ஈ.பி.என்.எஸ்." என்று பொறித்திருக்கும். நிக்கல் கலவையின் மேல் மெல்லிய வெள்ளி முலாம் என்பதற்கான முத்திரை அது. "நிக்கல் சில்வர்" என்ற உலோகத்திலேயே வெள்ளி கிடையாது. 925, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, என்றிருந்தால் பேசலாம்.

தங்கத்தில் நம்மவர்களுக்கு ஒரு பலவீனம், பழைய சவரன் கோத்த மாலை. பிரிட்டோரியாவில் 1923 முதல் 1932 வரை சவரன் அடித்தார்கள், அவற்றில் "எஸ்.ஏ." என்ற சிறு எழுத்து இருக்கும். சவரன் ஒன்றின் எடை 7.98 கிராம், 22 காரட். வளையம் பற்றவைத்த காசை எடை போட்டுச் சரிபார்க்க முடியாது. காசில் எடை குறைந்திருந்தாலும் வளையத்தின் எடை அதை மறைத்துவிடும். நாணயம் சேர்ப்பவர்களும் பற்றவைத்த காசுக்கு, உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலைக்கு மேல் கொடுக்க யோசிப்பார்கள். ஆகவே "அரிய நாணயம்" என்ற பேச்சில் மயங்காமல் தங்க விலையைக் கணக்குப் போட்டு, நகைக்கடையில் சோதித்த பிறகு பணம் கொடுப்பதாகச் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து வந்த "பாட்டி நகை"யில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு கொண்ட ஹால்மார்க் அடையாளம் இருந்தால், அந்த முத்திரை முறை 2021இல்தான் வந்தது. பாட்டிக்கு அப்போது என்ன வயது என்று கேட்டுவிடுங்கள்.

பழைய காஞ்சிப் பட்டை மடித்த நிலையில் எடுத்த போட்டோவைப் பார்த்து வாங்காதீர்கள். பட்டு மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் விட்டுப்போகும். முழுசாக விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த போட்டோ கேளுங்கள். ஓரத்திலிருந்து ஒரு இழையை எரித்துப் பார்ப்பது பழைய சோதனைதான், இன்றும் பலிக்கும்: முடி கருகும் நாற்றமும் நசுங்கும் சாம்பலும் பட்டு, உருகி உருண்டையானால் பாலியெஸ்டர்.

கையால் செய்ததை வாங்கும்போது

இங்கே தவறு வேறு மாதிரி. பழைய பொருளில் அதிகம் கொடுத்து ஏமாறுகிறோம், கைவினையில் குறைத்துக் கேட்டு எதிரில் இருப்பவரை ஏமாற்றப் பார்க்கிறோம். குவாசுலு-நேட்டாலின் ஹ்லபிசா பக்கம் இலாலா பனையோலையில் பின்னும் ஒரு நல்ல கூடைக்கு வாரக்கணக்கில், பெரியதென்றால் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. ஓலை உலர்த்த வேண்டும், வேர், பட்டை, இலைகளைக் கொதிக்கவைத்துச் சாயம் ஏற்ற வேண்டும், பின்னல் நெருக்கமாக விழ வேண்டும். பியூட்டி ந்கொங்கோ போன்றவர்களின் கூடைகள் கலைக்கூடங்களில் இருக்கின்றன. டெலிபோன் வயரில் பின்னும் இம்பெங்கே தட்டுகளும் அப்படித்தான். இரவுக் காவல்காரர்கள் பொழுதுபோக்காகச் செய்தது இன்று தனிக் கலையாகிவிட்டது. ஜவுளிக்கடையில் பேசுகிற மாதிரி இவர்களிடம் பாதி விலையில் தொடங்குவது அசிங்கம். இரண்டாக வாங்கினால் குறைப்பீர்களா என்று கேட்பது வேறு, அது நியாயமான பேரம்.

இதன் மறுபக்கம், "கைவேலை" என்ற பெயரில் தொழிற்சாலைச் சரக்கை விற்பவர்கள். ஒரே வளையல் ஐந்து பேர் பக்கத்தில் ஒரே போட்டோவோடு இருந்தால் யார் கை செய்தது? விளம்பரப் படத்தை கூகுளில் போட்டுத் தேடினால் மூலம் வந்துவிடும். செய்துகொண்டிருக்கும்போது எடுத்த ஒரு படம், பின்பக்கத் தையல், முடிச்சு இவற்றைக் கேளுங்கள். உண்மையில் செய்பவர் சந்தோஷமாக அனுப்புவார், நிறுத்தச் சொல்லும் வரை அனுப்புவார்.

அளவு கேட்காமல் வாங்குவது இன்னொரு பெரிய தலைவலி. வெள்ளைத் துணி மேல் வைத்து எடுத்த படத்தில் காமாட்சி விளக்கு கையளவா விரலளவா என்று தெரியாது. உயரம், எடை இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுத்துச் செய்விக்கும்போதுதான் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாத தவறு கடிக்கும். மின்வணிகத்துக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆன்லைனில் கடை நடத்துபவரிடம் வாங்கிய பொருளை, கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆனால் உங்கள் அளவுக்குச் செய்தது, பெயர் பொறித்தது, ஏலத்தில் எடுத்தது ஆகியவற்றுக்கு இந்த உரிமை கிடையாது. மகள் பெயர் போட்ட மணப்பலகையை "நிறம் பிடிக்கவில்லை" என்று திருப்ப முடியாது. ஆகவே முன்பணம் எவ்வளவு, எந்த நிறம், எப்போது முடியும், தாமதமானால் என்ன செய்வது, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஜனவரியில் என்றால் டிசம்பர் நடுவில் பட்டறைகள் பலவும் மூடிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பணம், சட்டம், மற்றவை

விற்பவர் யார் என்று பார்க்காமல் வாங்குவதும் தவறுதான். தொழிலாக விற்பவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008) பொருந்தும். குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். குறையை முன்பே தெளிவாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டிருந்தால் முடியாது. வீட்டைக் காலி செய்யும் ஒரு அத்தை தன் பழைய அலமாரியை விற்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று போட்டிருப்பார், அதாவது இருக்கிறபடியே எடுத்துக்கொள், பிறகு என்னிடம் வராதே. அவர் தெரிந்தே மறைத்த குறை தவிர மற்றதெல்லாம் உங்கள் தலையில். அதனால் அத்தை வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள். அலமாரியை அசைத்து, அடியில் கடுகைவிடச் சிறிய, ஆறு பட்டை கொண்ட மணிகள் விழுந்தால் அவை உலர்மரக் கறையானின் கழிவு. டர்பன் கடற்கரைக் காற்றில் இது சாதாரணம். அந்த அலமாரியை வீட்டுக்குள் விடாதீர்கள்.

முன்பின் தெரியாதவருக்கு ஈ.எஃப்.டி. (வங்கிக் கணக்குக்கு நேரடிப் பணமாற்றம்) அனுப்பிவிட்டால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. பெரிய தொகை என்றால் பொருளைப் பார்த்து, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் வைத்துப் பணம் மாற்றுங்கள். பழைய பொருள் வியாபாரிகள் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸில் பதிவு செய்து, யாரிடம் வாங்கினார்கள் என்று ஏட்டில் எழுத வேண்டும். கோயில் மணி, பெரிய விளக்கு போன்றவை மலிவாக வந்தால் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். திருட்டுப் பித்தளை எங்கேயோ ஒரு கோயிலிலிருந்து வந்ததுதான்.

இந்தியாவிலிருந்து தருவிப்பவர்களுக்கு: 15 சதவீத வாட், சுங்கவரி, கூரியர்காரரின் கிளியரிங் கட்டணம் மூன்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்புறம், "150 வருடப் பழைய ஐம்பொன் சிலை, டர்பனுக்கு அனுப்பித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதை இந்தியா 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. வயது பொய், அல்லது அனுப்புவது குற்றம். இரண்டில் எதுவானாலும் வாங்க வேண்டியதில்லை. யானைத்தந்தம், ஆமையோடு பதித்த பெட்டிகளும் அப்படித்தான். தாத்தா காலத்தது என்றாலும் அனுமதிச் சீட்டில்லாமல் கைமாற்றக் கூடாது.

பொருள் வீட்டுக்கு வந்த அன்றே பிராசோ பாலிஷையோ புளியையோ எடுத்துத் தேய்க்க உட்காராதீர்கள். பழைய பித்தளையின் நிறம் போனால் அதன் விற்பனை மதிப்பும் போகும், ஏழு நாளுக்குள் திருப்ப நினைத்தாலும் விற்றவர் ஒத்துக்கொள்ள மாட்டார். விளக்கை ஏற்றத்தான் வாங்கினீர்கள் என்றால் தாராளமாகத் தேயுங்கள், அது உங்கள் விளக்கு. பழைய பித்தளை உருளியிலோ குண்டானிலோ சமைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் உள்ளே வெள்ளீயப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் ரசமும் புளிக்குழம்பும் வைக்கக் கூடாது.