யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு: ஏ-32 வீதியால் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் எங்கட சனத்தில் பெரும்பாலானோர் கொழும்பிலிருந்து ஏ-9 ஆல் வந்து ஏ-9 ஆலேயே திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வன்னியைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு தடவையாவது மேற்குக் கரையால் இறங்குங்கள். நாவற்குழிச் சந்தியில் ஏ-9ஐ விட்டுப் பிரிந்து, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை வழியாக மன்னாருக்குப் போகிறது ஏ-32. தூரம் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நிற்காமல் ஓடினால் இரண்டரை மணித்தியாலம் போதும். ஆனால் நிற்காமல் ஓடுவதற்கு இந்த வீதி தேவையில்லை. ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள்.

காலை ஆறு மணிக்கே புறப்படுவது நல்லது. வெயில் ஒரு காரணம். வழியிலுள்ள திருக்கேதீச்சரக் கோயிலில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பது மற்றக் காரணம். பெற்றோலும் காசும் யாழ்ப்பாணத்திலேயே போட்டுக்கொண்டு, எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். இடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வான் பிடிப்பதென்றால் சாரதியிடம் 'பூநகரியால்' என்று முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் ஏ-9 ஆலேயே விட்டுவிடுவார். நீங்களே ஓட்டுவதென்றால் வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் காணாது. இலங்கையில் அதற்குரிய அனுமதியை எடுக்க வேண்டும். பஸ்ஸிலும் போகலாம், மலிவு. ஆனால் இறங்கி ஏற முடியாது.

மறவன்புலவு, தனங்கிளப்பு, அறுகுவெளி தாண்டியதும் வீட்டுக் கூரைகள் முடிந்து வெளி தொடங்கும். அதன் முடிவில் கேரதீவு. அக்கரை சங்குப்பிட்டி. இடையில் கடல்நீரேரி. இப்போதுள்ள பாலம் 288 மீற்றர் நீளம், 2011 ஜனவரி 16ஆம் திகதி திறந்தார்கள். அதற்கு முன் இந்த இடத்தில் 'பாதை'தான் ஓடியது: வாகனத்தையும் ஆளையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. 1990இல் போர் மீண்டும் மூண்டு ஆனையிறவு வழி அடைபட்டபோது குடாநாட்டுச் சனம் வெளியே போக நம்பியது இந்தத் துறையைத்தான். அடுத்த வருடம் இராணுவம் பூநகரியைப் பிடிக்க, இதுவும் போயிற்று. பிறகு கடல்நீரேரியைக் கடக்கக் கிளாலியில் இருட்டில் வள்ளம் ஏறிய காலம் உங்கள் வீட்டிலேயே யாருக்காவது நினைவிருக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த வழிகாட்டியே தேவைப்படாது.

பாலத்தில் வாகனத்தை நிறுத்தாதீர்கள். அதைக் கடந்து ஓரமாக விட்டுவிட்டு நடந்து வாருங்கள். காலையில் வலையிலிருந்து இறாலையும் சின்ன நண்டையும் தட்டி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நண்டின் கால் வலைக்கண்ணில் சிக்கியிருந்தால் வலையை அறுக்க மாட்டார்கள்; காலை ஒடித்துவிட்டு வலையைக் காப்பாற்றுவார்கள். படம் எடுக்க முதல் ஒரு வார்த்தை கேளுங்கள். இராணுவ முகாம்கள் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை ஒன்று வீதியருகே கிடக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்: இடிந்த மதில்கள், முருகைக்கல், பற்றை. 1993 நவம்பரில் இங்கிருந்த படைத்தளத்தின் மீது புலிகள் நடத்திய 'தவளை' நடவடிக்கையும், 2008 நவம்பர் 15 அன்று இராணுவம் பூநகரியைத் திரும்பப் பிடித்ததும் இந்த மண்ணின் பிந்திய வரலாறு. அதைச் சொல்ல ஒரு பலகையும் தேவையில்லை, ஷெல் பட்டுத் தலையில்லாமல் நிற்கும் பனைகளைத் தேடிப் பாருங்கள்.

நேரமிருந்தால் மேற்கே கௌதாரிமுனைக்குத் திரும்பலாம். மணல் திட்டியும் ஆளில்லாக் கரையும், மண்ணித்தலையில் சோழர் காலத்தது என்று கருதப்படும் சிறிய சிவன் கோயில் இடிபாடும் உண்டு. வழி மோசம், சின்னக் காரில் போகாதீர்கள். மாரியில் போகவே வேண்டாம்.

பூநகரியில் வாங்க வேண்டிய ஒன்று மொட்டைக்கறுப்பன் அரிசி. மழையை நம்பி விதைக்கிற பழைய இனம், புட்டுக்கும் கஞ்சிக்கும் அடிக்க வேறு அரிசி இல்லை என்பது என் கட்சி. புது நெல் தை, மாசியில் வரும். கடைப் பைக்கற்றில் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட ஊரில் யாரையாவது விசாரித்து வாங்குங்கள்.

முழங்காவிலில் தேத்தண்ணி குடிக்கலாம், கழிவறைக்கும் இங்கேயே போய்விடுவது புத்தி. பக்கத்து இரணைமாதாநகரில் இருப்பவர்கள் 1992இல் இரணைதீவை விட்டு வந்தவர்கள்; கடற்படை நின்ற தீவுக்கு 2018இல் தாங்களாகவே படகுகளில் ஏறிப் போய் இறங்கினார்கள். புலிகளின் மாவீரரைப் புதைத்த முழங்காவில் துயிலுமில்லம் போருக்குப் பின் அழிக்கப்பட்டது. இப்போது மாவீரர் நாளான நவம்பர் 27இல் அங்கே சனம் கூடுகிறது. அந்த வாரத்தில் போகிறவர்கள் வீதியில் சோதனையும் விசாரிப்பும் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டுப் பிரதி கையில் இருக்கட்டும்.

வெள்ளாங்குளத்தில் ஒரு வீதி கிழக்கே மல்லாவி, மாங்குளம் என்று போய் ஏ-9ஐத் தொடும். அவசரமென்றால் அதால் தப்பலாம். நேரே போனால் இலுப்பைக்கடவை, பிறகு பள்ளமடு. 2008இல் மன்னார்ப் பெருநிலப்பரப்புச் சனம் ஊர் ஊராக எழும்பி, நீங்கள் வருகிற திசைக்கு எதிராக, இதே வீதியால் வடக்கே போனது. அந்தப் பயணம் முள்ளிவாய்க்காலில் போய் நின்றது. பள்ளமடுவிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் விடத்தல்தீவு. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் இந்த ஊரவர்களும் உண்டு. எங்கள் இடப்பெயர்வைச் சொல்லும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

வயலும் குளமுமாக மாறும் வெளிக்குள் வந்தால் மாந்தைக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மாதோட்டம் என்று தேவாரம் சொல்லும் துறைமுகப் பட்டினம் இதுதான். 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் சீன, பாரசீக மட்பாண்டங்கள் கிடைத்தன. போர் வந்து வேலை நின்றது. பாலாவிக் கரையில் உள்ள திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயில் இது. திரும்பக் கட்ட வேண்டும் என்று 1872இல் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். சிவராத்திரியில் பாலாவியில் தண்ணீர் மொண்டு வந்து சிவலிங்கத்துக்குத் தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்யலாம், அந்த நாளில் கூட்டம் தாங்காது. கோயிலுக்குப் போகும் வீதியோரம்தான் 2013 டிசம்பரில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் தட்டுப்பட்டன. 80க்கு மேல் எடுத்தார்கள்.

இங்கிருந்து மன்னார்த் தீவு கிட்டத்தான். 1990இல் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாக 2010இல் திறந்த பாலத்தால் உள்ளே போனால் 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையும், பள்ளிமுனையில் பெருக்கமரமும் இருக்கின்றன. மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர்; குடும்பப் படம் எடுக்க அகலமாக நில்லுங்கள். தெருவில் கழுதைகள் திரியும், ஹோர்ன் அடித்தாலும் விலகாது. மாரி முடிந்த கையோடு போனால் வங்காலைப் பக்கம் பூநாரைகளைப் பார்க்கலாம்.

இரவில் மன்னாரில் தங்குங்கள். இருட்டில் இந்த வீதியால் திரும்பாதீர்கள்: மாடுகள் சூட்டுக்குத் தாரில் படுத்திருக்கும், விளக்கு இல்லாத இடங்களே அதிகம். பற்றைக்குள் இறங்குவதும் வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் ஒரு அடியும் தாண்டாதீர்கள். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு மதவாச்சி வழி பஸ் உண்டு, அந்த வீதியில்தான் மடு மாதா கோயிலுக்கும் திரும்ப வேண்டும். ரயில் ஓடுகிறதா என்று முதல்நாளே கேட்டுவிடுங்கள். மன்னார்க் கருவாடு வாங்குகிறவர்கள் மூன்று மடிப்புப் பொலித்தீனில் கட்டுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர் நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள், பிடிபட்டால் அபராதத்துக்கு ஒரு படகு கருவாடே வாங்கலாம்.