புதிய தொழில்நுட்பமும் பணியிடப் பண்பாடும்: நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனம் புதிய மென்பொருளையோ இயந்திரத்தையோ வாங்கும்போது விலை, வேகம், பாதுகாப்பு, பயிற்சி நாட்கள் என எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிறது. யார் யாரிடம் கேட்டு வேலை செய்கிறார்கள், யாருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது, தவறு நேர்ந்தால் யாரிடம் தயங்காமல் சொல்ல முடிகிறது என்பவை மட்டும் எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. பணியிடப் பண்பாடு பெரும்பாலும் இவற்றில்தான் குடியிருக்கிறது. புதிய தொழில்நுட்பம் முதலில் கைவைப்பதும் இவற்றின் மீதுதான்.

வேலையை வெறும் பணிகளின் தொகுப்பாகப் பார்ப்பதே எல்லாத் தவறுகளுக்கும் தாய் என்று கருதுகிறேன். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எரிக் டிரிஸ்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பழைய முறையில், ஒருவரையொருவர் தாங்களே தேர்ந்துகொண்ட இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு, கரியை வெட்டுவது முதல் வெளியே அனுப்புவது வரை முழு வேலைக்கும் பொறுப்பேற்றது. இயந்திரங்கள் வந்தபின் ஏறத்தாழ 40 பேர் மூன்று ஷிஃப்டுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வேலையின் ஒரு துண்டு மட்டுமே ஒப்படைக்கப்பட்டது. முந்தைய ஷிஃப்டு குறையாக விட்டதை அடுத்த ஷிஃப்டு சுமந்தது, பழி மாறி மாறி விழுந்தது, வேலைக்கு வராமல் இருப்போர் பெருகினர். இயந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. இருளிலும் ஆபத்திலும் ஒருவரையொருவர் தாங்கிய குழுதான் கலைந்துபோயிருந்தது.

இன்றைய அலுவலகங்களிலும் ஆலைகளிலும் இதே உடைப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. ஷிஃப்டு மாறும் பத்து நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். போகிறவர் கையைத் துடைத்துக்கொண்டே, "மூன்றாவது பம்பின் சத்தம் மதியத்திலிருந்து கொஞ்சம் மாறியிருக்கிறது, ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்" என்று வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி ஒரு திரைப் படிவத்தைக் கொண்டுவந்தால், அதில் "இயல்பு", "பழுது" என்ற இரண்டே தேர்வுகள் இருக்கும். பம்பு இன்னும் பழுதாகவில்லை என்பதால் அவர் "இயல்பு" என்று பதிவு செய்துவிட்டுக் கிளம்புவார். விதிப்படி அது சரி; ஆனால் சொல்லப்பட வேண்டியது சொல்லப்படவில்லை. எந்தப் பேச்சையும் நீக்குவதற்கு முன், அந்தப் பேச்சு என்னென்ன சுமந்து செல்கிறது என்று ஒரு வாரமாவது உடனிருந்து கவனிப்பது அவசியம்.

அடுத்த தவறு, கருவியை வாங்கினால் பண்பாடு தானாக வந்துவிடும் என்று நம்புவது. ஆவணங்களையும் அனுபவங்களையும் பகிர்ந்துகொள்வதற்கான லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளை ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் நிறுவியதை வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் எழுதினார். அங்கே ஒருவரின் ஒவ்வொரு மணி நேரமும் ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் எழுதப்பட வேண்டும். பிறருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருப்பதே பதவி உயர்வுக்கு வழி. அப்படிப்பட்ட இடத்தில், தான் அறிந்ததை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க யார் முன்வருவார்கள்? பகிர்வதற்கான கருவி வந்தும் பகிர்வு எதிர்பார்த்தபடி வளரவில்லை. ஒத்துழைப்பை விரும்புகிற நிறுவனம், கருவிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் தன் ஊதிய உயர்வு விதிகளையும் மதிப்பீட்டுப் படிவங்களையும் எடுத்துப் படிக்க வேண்டும். பிறருக்கு உதவுவதில் செலவான நேரத்தை எழுத அவற்றில் ஒரு வரிகூட இல்லையென்றால், மென்பொருளை நொந்துகொள்வதில் பயனில்லை.

வேறொரு நிறுவனத்தில் கிடைத்த வெற்றியை அப்படியே எதிர்பார்ப்பதும் தவறுதான். ஒரே வகை சி.டி. ஸ்கேன் கருவி வந்த இரண்டு மருத்துவமனைகளைப் பற்றி ஸ்டீபன் பார்லி 1986ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வில், கதிரியக்க மருத்துவர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் இடையே முடிவெடுக்கும் உரிமை இரண்டு இடங்களிலும் வெவ்வேறு விதமாக அமைந்தது.

கண்காணிப்பைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பணிகளைப் பதிவு செய்யும் ஏறக்குறைய எல்லா மென்பொருளும், யார் எப்போது என்ன செய்தார் என்பதையும் கூடவே பதிவு செய்கிறது. அந்த விவரம் கையில் இருக்கிறது என்பதற்காகவே மேலாளர்கள் அதைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த மறுநாளே பணியாளர்களின் நடத்தை மாறுகிறது. தெற்குச் சீனாவில் உள்ள கைபேசித் தொழிற்சாலை ஒன்றில் ஈத்தன் பெர்ன்ஸ்டீன் நடத்தி 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சில உற்பத்தி வரிசைகளைச் சுற்றித் திரை கட்டியபோது அவற்றின் உற்பத்தி 10 முதல் 15 சதவீதம் வரை உயர்ந்தது. அதுவரை தொழிலாளர்கள் தாங்கள் கண்டறிந்த நல்ல வழிமுறைகளை மேலிருப்பவர்களின் கண்ணுக்குப் படாமல் மறைத்துவந்தார்கள். திரைக்குள் அவற்றைத் துணிந்து முயன்று பார்த்தார்கள். ஆகவே எந்த விவரத்தை யார் பார்ப்பார்கள், எதற்காகப் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்தமாட்டார்கள் என்பதைக் கருவி வருவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

செய்திச் செயலிகள் வேலை நேரத்தின் எல்லையை அழிப்பதைப் பலர் தனிமனிதக் கட்டுப்பாட்டுக் குறையாக நினைக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேலாளர் அனுப்பும் ஒரு வரி, "நாளை பார்த்தால் போதும்" என்று முடிந்தாலும், அதைப் பெறுபவருக்கு அழைப்பாகவே ஒலிக்கும். பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பற்றிப் பணியாளர் தரப்போடு பேச வேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும் அந்தப் பேச்சைத் தொடங்க எந்தத் தடையும் இல்லை; தொடங்க வேண்டியவர் மேலே இருப்பவர்.

கருவி ஓடத் தொடங்கியதும் திட்டக் குழுவைக் கலைத்துவிடுவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. பண்பாட்டில் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் அதற்குப் பின்னரே, மெல்ல மெல்லத் தெரியவருகிறது. இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரைத் தேடி முன்பெல்லாம் ஆட்கள் சந்தேகம் கேட்டு வந்துகொண்டே இருந்திருப்பார்கள். இப்போது எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள், அவருடைய மேசைப் பக்கம் யாரும் வருவதில்லை. அவர் எதிர்ப்பும் காட்டுவதில்லை, குறையும் சொல்வதில்லை. கூட்டங்களில் பேசுவதைமட்டும் நிறுத்திவிடுகிறார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் அவரைப் போன்றவர்களுடன் உட்கார்ந்து, விதிக்குள் அடங்காத நிகழ்வுகளைப் புதிய அமைப்பு எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதற்கேற்பப் படிவத்தை மாற்றும் அதிகாரம் ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.