ஜாங்கோவில் பெருத்துப்போன மாடல்ஸ் கோப்பைப் பிரிப்பது எப்படி?

பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் புதிய ஆப் (தளத்தின் ஒரு பகுதி) ஒன்றைத் தொடங்கினால், மாடல்களை, அதாவது டேட்டாபேஸ் டேபிள்களை விவரிக்கும் கிளாஸ்களை, எழுத மாடல்ஸ்.பை என்று ஒரே கோப்புதான் கிடைக்கும். நாலைந்து மாடல் இருக்கும்வரை அது போதும். இணையக் கடை வளர்ந்து ஆர்டர், கூப்பன், பில், டெலிவரி என்று முப்பது மாடல் அதில் குவிந்துவிட்டால், எதைத் தேடினாலும் ஸ்க்ரோல் செய்தே நேரம் போய்விடும். டேட்டாபேஸில் எதுவுமே அசையாமல் இதைப் பிரித்துவிடலாம்.

முதலில், செய்த மாற்றங்களை எல்லாம் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட் செய்யுங்கள். மாடல் மாற்றங்களை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகும் மைக்ரேஷன் கோப்புகளை எழுதுவது மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை. அதை, எதையும் எழுதாமல் காட்ட மட்டும் செய்யும் ட்ரை-ரன் ஆப்ஷனோடு ஓட்டி, மாற்றம் எதுவும் இல்லை என்று வருகிறதா பாருங்கள். இப்போதே ஏதாவது நிலுவையில் இருந்தால், பிறகு வரும் குழப்பம் எதனால் வந்தது என்று தெரியாது.

அப்புறம் ஆப்புக்குள் மாடல்ஸ் என்று ஒரு ஃபோல்டர். பழைய கோப்பைக் கிட்டின் மூவ் கட்டளையால் அதற்குள் நகர்த்தி, ஆர்டர்ஸ்.பை என்று பெயர் வையுங்கள். பக்கத்திலேயே ஓர் இனிட்.பை (இனிட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு) உருவாக்கி, எல்லா மாடல்களையும் அதில் இம்போர்ட் செய்யுங்கள். இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. ஒரு மாடல் இங்கேயும் இல்லை, வேறெங்கும் இம்போர்ட் ஆகவும் இல்லை என்றால், அது நீக்கப்பட்டதாக நினைத்து அதன் டேபிளை அழிக்கும் மைக்ரேஷனை ஜாங்கோ எழுதிவிடும். பழைய வலைப்பதிவுகள் ஒவ்வொரு மாடலிலும் ஆப் லேபிள் (அது எந்த ஆப்பைச் சேர்ந்தது என்ற குறிப்பு) எழுதச் சொல்லும். 2014இல் வந்த ஜாங்கோ 1.7 பதிப்பிலிருந்து அது தேவையில்லை.

இனி ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். மாடலுக்கு ஒரு கோப்பு என்று வைப்பதை நான் விரும்புவதில்லை. ஆர்டரில் கை வைத்தால் ஆர்டர் ஐட்டத்திலும் கை வைக்க வேண்டியிருக்கும். சேர்ந்து மாறுபவை ஒரே கோப்பில் இருக்கட்டும். இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்து எரர் வந்தால், ஃபாரின் கீயில் (ஒரு மாடலை இன்னொன்றோடு இணைக்கும் ஃபீல்டு) கிளாஸுக்குப் பதிலாக அதன் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். சரியாகிவிடும்.

நான் ஒருமுறை மாட்டிக்கொண்ட இடம் இது. படம் எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்று சொல்லும் ஒரு ஃபங்ஷனையும் மாடலோடு சேர்த்து நகர்த்தியிருந்தேன். பழைய மைக்ரேஷன் கோப்புகள் அதைப் பழைய முகவரியிலேயே தேடின. டெஸ்ட் ஓட்டியபோது எல்லாம் நின்றுவிட்டது. அதனால் இத்தகைய ஃபங்ஷன்களையும், மதிப்பு சரியா என்று பார்க்கும் வேலிடேட்டர்களையும் இனிட்டில் மறக்காமல் சேருங்கள்.

ஒவ்வொரு மாடலை நகர்த்தியதும் ட்ரை-ரன்னை மறுபடி ஓட்டுங்கள். மாற்றம் இல்லை என்று வந்தால் கமிட் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மாடலை வேறொரு ஆப்புக்கு மாற்றும் ஆசையை மட்டும் இப்போது தள்ளிவையுங்கள். நாம் தனியாகப் பெயர் கொடுக்காதவரை டேபிளின் பெயர் ஆப்பின் பெயரில்தான் தொடங்கும். எனவே ஜாங்கோ பழைய டேபிளை அழித்து, காலியான புதிய டேபிளை உருவாக்கப் பார்க்கும். அதைத் தவிர்க்க, டேட்டாபேஸில் நடப்பதையும் ஜாங்கோ மனதில் வைத்திருப்பதையும் தனித்தனியாகச் சொல்ல விடும் செப்பரேட்-டேட்டாபேஸ்-அண்ட்-ஸ்டேட் என்ற ஆப்பரேஷனை வைத்து மைக்ரேஷனைக் கையால் எழுத வேண்டும். பேக்கப் எடுத்துக்கொண்டு, வேறொரு நாளில் தனியாகச் செய்ய வேண்டிய வேலை அது.