பவளத்தொட்டிக்கு வீட்டிலேயே கடல்நீர் கலந்து வைக்கும் முறை

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக் கடற்கரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். தர்மபுரிக்கு இன்னும் தொலைவு. ஆகவே இவ்விரு மாவட்டங்களிலும் பவளத்தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர், நீர் மாற்றுவதற்கான கடல்நீரை வீட்டிலேயே கலந்துகொள்ள வேண்டும். வேலையின் பெரும்பகுதி உப்பைக் கரைப்பதில் இல்லை. கரைப்பதற்கு முன், நம் ஊர்த் தண்ணீரில் இருப்பவற்றை எல்லாம் நீக்குவதில்தான் இருக்கிறது.

இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் பவளத்தொட்டியைப் பொறுத்தவரை முதல் கவலை ஃபுளூரைடு அன்று. இயற்கையான கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் ஃபுளூரைடு உண்டு. கடினத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவையே உண்மையான தொல்லை. கடல் உப்புக் கலவைகள் தூய நீரில் கரைப்பதற்கென்றே அளவிடப்பட்டவை என்பதால், கால்சியமும் பைகார்பனேட்டும் ஏற்கெனவே நிறைந்த கிணற்று நீரில் அவற்றைக் கரைத்தால் விகிதம் குலைந்துவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியை வளர்க்கும். ஒகேனக்கல் குழாய் நீரில் குளோரினும் சேர்ந்திருக்கும்.

எனவே வண்டல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி, ஆர்ஓ சவ்வு, அதன்பின் எஞ்சிய அயனிகளை ஈர்த்துக்கொள்ளும் டிஐ பிசின் என்ற வரிசையில் நீரைச் செலுத்தி, கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். சமையலறை ஆர்ஓ கருவியின் நீரும், கடைகளில் வாங்கும் கேன் தண்ணீரும் இதற்கு உதவா. அவற்றில் சுவைக்காகத் தாதுக்களை விட்டுவைத்திருப்பார்கள் அல்லது மீண்டும் சேர்த்திருப்பார்கள். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் சவ்வுக்குப் போதாது என்பதால் பூஸ்டர் பம்பு கட்டாயம் தேவை. பிசின் தீரும் தறுவாயில் சிலிக்கேட்தான் முதலில் நழுவி வரும். அப்போது மீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது. ஆகவே 0 என்ற எண் 1 அல்லது 2 ஆனதுமே பிசினை மாற்றிவிடுவது நல்லது.

உப்பைப் பற்றியும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடல்நீரைக் காய்ச்சி எடுத்ததுதானே கல் உப்பு, அதையே திரும்பக் கரைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். தூத்துக்குடியிலோ மரக்காணத்திலோ உப்பளத்தில் நீர் வற்றும்போது கால்சியம் கார்பனேட்டும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். பிறகு சோடியம் குளோரைடு பூக்கும். மக்னீசியம் பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரோடு வடிக்கப்பட்டுவிடும். உப்புக் கரிக்கும் நீர் கிடைக்குமே தவிர, பவளம் கூடு கட்டத் தேவையான லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவிலான கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவிலான மக்னீசியமும் அதில் இரா. பவளத்தொட்டிக்கென்று விற்கப்படும் உப்புக் கலவையைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள்.

கலப்பதற்கு உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீல டிரம்களில் முன்பு எந்த இரசாயனம் இருந்தது என்று தெரியாதபோது அவற்றை வாங்க வேண்டாம். டிரம்மில் பித்தளைக் குழாய் பொருத்தக்கூடாது. அதிலிருந்து கசியும் செம்பு மிகச் சிறிதளவே ஆனாலும் பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

200 லிட்டர் தொட்டியில் வாரம் 10 விழுக்காடு மாற்றுவதானால் 20 லிட்டர் வேண்டும். முதலில் நீரை நிரப்பி, பவர்ஹெட்டை (நீரைச் சுழற்றும் சிறு பம்பு) ஓடவிட்டு, அதன்பிறகே உப்பைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால், அடியில் செறிவு மிகுந்து கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வெண்படிவாகிவிடும். அப்படிப் படிந்தது பிறகு எளிதில் கரையாது. உப்பில் ஈரப்பதம் கலந்திருப்பதால் லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை தேவைப்படும். 20 லிட்டருக்கு ஏறத்தாழ 740 கிராம். பையை எடுக்கும்போதெல்லாம் உருட்டிக் குலுக்கி, வாயை இறுகக் கட்டி வையுங்கள்.

எவ்வளவு நேரம் சுழல விடுவது என்பதில் பையில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள். சில கலவைகள் சில மணி நேரத்தில் ஆயத்தமாகிவிடும், சிலவற்றுக்கு ஒரு நாள் வேண்டும். நீர் கண்ணாடிபோல் தெளிந்த பிறகு, ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் உப்புத்தன்மையைப் பாருங்கள். அக்கருவியை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலைக் கொண்டு சரிசெய்திருக்க வேண்டும். நமக்கு வேண்டிய அளவு 35 பிபிடி. 25 பாகை செல்சியஸில் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறத்தாழ 1.026. 20 லிட்டரில் 33 காட்டினால் ஏறத்தாழ 40 கிராம் உப்பும், 37 காட்டினால் ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான தூய நீரும் சேர்த்தால் சரியாகும்.

கலந்த நீரைச் சேமிப்பதில் வெயிலே பெரும் பகை. கோடையில் மொட்டை மாடியிலோ தகர ஷெட்டிலோ டிரம்மை வைத்தால் நீர் சூடேறி, கால்சியம் மீண்டும் படியத் தொடங்கும்; வீட்டின் குளிர்ந்த, நிழலான மூலையே ஏற்றது. மூடி இறுக இருக்க வேண்டும். இல்லையேல் நீர் ஆவியாகி உப்புத்தன்மை உயரும். குவாரிகள் உள்ள பகுதிகளில் கல்தூசும் விழும். உப்புக் கலக்காத தூய நீரைச் சேமிக்கும் டிரம்மைத் திறந்து வைத்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும் என்பதால் அதன் மூடியிலும் இதே கவனம் தேவை. ஓரிரு வாரங்களுக்கு மேல் சேமிக்க வேண்டாம் என்பது என் கருத்து. உடனே பயன்படுத்தும்படி பையில் எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

மாற்றும் நாளில் உப்புத்தன்மையையும் வெப்பநிலையையும் மறுபடியும் அளந்து, இரண்டும் தொட்டியோடு ஒத்திருப்பதை உறுதிசெய்யுங்கள். வெப்பநிலை வேறுபாடு 1 பாகைக்குள் இருப்பது நல்லது. நீரை வெளியேற்றும் முன் ஹீட்டரை நிறுத்திவிடுங்கள். நீரின்றிச் சூடேறினால் அதன் கண்ணாடி வெடித்துவிடும். புதிய நீரைப் பவளங்களின் மேல் நேரே விழாதபடி மெதுவாகச் சேர்த்து முடித்ததும், காலி டிரம்மில் வெண்படிவு தெரிந்தால் வினிகர் கலந்த நீரால் தேய்த்து, தூய நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.